யாரோடு வந்தவர்?

படம் பார்க்கப் போனால் இடைவேளையில் நான் எதுவும் வாங்கித் தின்ன மாட்டேன், சார். பக்கத்து இருக்கைக்காரர் காகிதத்தைக் கசக்கினாலே எனக்குக் கதை விட்டுப்போகும். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை எனக்கு; கண்ணில் ஒன்று உறுத்திவிட்டால் அதைத் தாண்டிப் போக வராது. என் தம்பியின் படத்தையும் அப்படித்தான் பார்த்தேன்.

அவன் படம் என்று ஊரே சொல்கிறது. கதை என்னுடையது. அவன் கால் முறிந்து படுத்திருந்தபோது, பொழுது போகட்டுமே என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். ஒரு குடும்பம் விடுமுறைக்கு ஏரிக்கரையில் வாடகை வீடு எடுக்கிறது. மாமன், மச்சான், அவர்கள் பிள்ளைகள், சிநேகிதர்கள் என்று ஏழு பேர். சாப்பிட உட்காரும்போது எட்டுப் பேர். அந்த எட்டாவது ஆள் பரம சாது. வெங்காயம் உரித்துக் கொடுக்கிறார், குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிடுகிறார். மாமன் அவரை மச்சானோடு வந்தவர் என்று நினைக்கிறார். மச்சான் அவரை மாமனோடு வந்தவர் என்று நினைக்கிறார். யார் என்று கேட்டால் மரியாதையாக இருக்காதே என்று யாரும் கேட்பதில்லை. அந்த மரியாதையாலேயே ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அவ்வளவுதான் கதை.

தம்பி எழுந்தே உட்கார்ந்துவிட்டான். "அண்ணே, இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாதே," என்றான். எனக்காகப் பதறுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்தான். சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் அவன் பெயர் மட்டும். எனக்குப் படத்துக்கு ஒரு டிக்கெட் அனுப்பி, "கண்டிப்பாப் பாருண்ணே," என்று எழுதியிருந்தான். போனேன். விளக்கு அணைந்ததும் அவன் பெயர் வந்தது. என் பெயர் வரவில்லை. கூடப்பிறந்தவனே கை வைத்துவிட்டானே என்று வயிறு எரிந்தது. ஆனால் அதற்காக ஆளைக் கொல்கிறவன் இல்லை நான்.

முதல் பாதி நன்றாகவே இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். இடைவேளைக்குப் பிறகு கெடுத்தான். எட்டாவது ஆள், ஏரியில் மூழ்கிய காவல்காரனின் ஆவியாம். அதற்கு ஒரு பழைய பகை, நடுவில் ஒரு பாட்டு, விரட்டுவதற்கு ஒரு மந்திரவாதி. முன்வரிசையில் சிரித்தார்கள். நான் பெற்ற பிள்ளைக்குக் கோமாளி வேஷம் போட்டுத் தெருவில் விட்ட மாதிரி இருந்தது. மந்திரவாதி சாம்பலை வீசியபோது எழுந்து வெளியே வந்துவிட்டேன். கரு புதுசு, கையாண்ட விதம்தான் தடுமாற்றம் என்று பத்திரிகைகளும் எழுதின. கரு யாருடையது, தடுமாற்றம் யாருடையது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு அவன் போனை நான் எடுக்கவே இல்லை. படம் எப்படியோ ஓடிவிட்டது. படம் எடுத்த அதே ஏரிக்கரை வீட்டுக்கு அவன் கூட்டாளிகளோடு விடுமுறைக்குப் போயிருப்பதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அழைப்பில்லை. பையை எடுத்துக்கொண்டு போனேன்.

நான் சொன்ன கதை மாதிரியே நடந்தது, சார். தம்பி, தன் மனைவி கூப்பிட்டிருப்பாள் என்று நினைத்தான். அவள், இவன் கூப்பிட்டிருப்பான் என்று நினைத்தாள். "அண்ணனும் வந்தாச்சா, உக்காருங்க," என்று ஒளிப்பதிவாளர் நகர்ந்து இடம் விட்டார். எதற்கு வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று வெங்காயம் உரித்துக் கொடுக்கும்போது இரண்டாம் பாதி எப்படி இருந்திருக்க வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டது. ஒரு ஆள் கூடினால் கேட்காதவர்கள், ஒரு ஆள் குறைந்தாலும் கேட்க மாட்டார்கள்.

மறுநாள் காலையில் தம்பியைப் படகில் அழைத்துப் போனேன். அவனுக்கு நீச்சல் வராது. சின்ன வயதில் தண்ணீரைக் கண்டால் என் சட்டையைப் பிடித்துக்கொள்வான்; அன்றும் பிடித்துக்கொண்டான்.

"படத்தைக் கடைசி வரைக்கும் பாத்தியாண்ணே?"

"பாத்தேன்."

"அப்பாடா. கோவமா இருக்கியோன்னு பயந்துட்டேன். நீ வந்து நின்னப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு."

திருடிவிட்டு இவ்வளவு நிம்மதியா என்று நினைத்துக்கொண்டேன். படகு ஆடியது. ஆட்டியது நான்தான். விழுந்தவன் விளிம்பைப் பிடித்தான். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அவசரப்படவில்லை.

மதியம் ஒரு தட்டு குறைவாகவே வைத்தார்கள். இசையமைப்பாளரோடு கடைக்குப் போயிருப்பான் என்று மனைவி நினைத்தாள். கடையிலிருந்து வந்த இசையமைப்பாளர், அவன் மாடியில் தூங்குவதாக நினைத்தார். மந்திரவாதி இல்லை, பாட்டு இல்லை. எல்லாம் சரியாக வந்தது. நான் இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் தம்பி மனைவி வாசற்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்போதும் அவளுக்குத் தெரியாது.

"நீங்க வந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு, மாமா. படம் முடிஞ்சதும் உங்க பேரு மட்டும் தனியா வரணும்னு தயாரிப்பாளர்கிட்ட சண்டையே போட்டாரு. 'கதை என் அண்ணனோடது'ன்னு போட்டு, கீழ உங்க பேரு. உங்ககிட்ட முன்னாடியே சொல்லக் கூடாதுன்னு எங்க எல்லாருக்கும் கட்டளை. நாங்க பாத்தப்ப ஜனங்க கை தட்டினாங்க. நீங்க பாத்தப்பவும் தட்டினாங்களா?"

தட்டினார்கள் என்றேன்.

இதுதான் நடந்தது, சார். தம்பியைக் கொன்றது நான்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரு தப்பை அவன் பேரில்தான் எழுத வேண்டும். அண்ணன் பெயரைப் போட நினைப்பவன் முதலிலேயே போட வேண்டாமா? இரண்டாம் பாதியை அப்படி எடுத்து வைத்தால், கடைசி வரைக்கும் யார் சார் உட்கார்ந்திருப்பார்கள்?