கிட்டக் காட்டாத ஸ்கோப்

லண்டனின் குரோய்டனில் ட்ராம் ஏறியதும் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர் வந்து அமர்ந்தார்கள். இளையவரின் கைபேசியில் எயார் ரைபிளில் பூட்டும் ஸ்கோப்புகளின் படங்கள் ஓடின. பக்கத்திலிருந்த நரைத்த தாடிக்காரரின் கேள்விதான் என்னை நிமிர வைத்தது.

"தம்பி, உதில கிட்டக் காட்டாத ஸ்கோப் இருக்கோ?"

"என்ன அண்ணை, பகிடியே? கிட்டக் காட்டத்தானே சனம் ஸ்கோப் வாங்குது. இது எண்பது பவுண். ஒன்பது மடங்கு பெருப்பிச்சுக் காட்டும். முயல் வேட்டைக்கு இது காணும்."

"இன்னும் மலிவா இல்லையோ?"

"நாப்பதுக்கும் கிடக்கு. மழை பட்டால் உள்ளுக்குள்ள கண்ணாடியில புகார் பிடிச்சு மங்கிப்போயிடும். ஒண்டும் தெரியாது."

"அப்ப அதை எடு."

இளையவர் சிரித்தார். "போன ஞாயிறு என்ர ஸ்கோப்பாலதானே பாத்தனீங்கள்? முயல் அசையாமல் இருந்தது. ஏன் அண்ணை சுடேல்லை?"

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது.

"அது புல்லுச் சப்பினது தெரிஞ்சுது தம்பி. மீசை ஆடினது தெரிஞ்சுது."

"முயலெண்டால் அப்பிடித்தானே."

"ஓம். ஊரில இயக்கத்தில நாலு வருசம் துவக்கோட சென்ரியில காவல் நிண்டனான். எங்களிட்ட ஸ்கோப் இருக்கேல்லை. சுட்டால் தூரத்தில ஒரு புள்ளி விழும், அவ்வளவுதான். இவ்வளவு காலமும் நானும் அது வெறும் புள்ளியெண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான்."