நெற்றியில் வெள்ளை வார்

— இன்னைக்கு வாரு கட்ட வேணாம் ராமுத்தாய் அக்கா. சும்மா உக்காருங்க, ஒண்ணு கேக்கணும்.

— கட்டலைன்னா நான் போறேன் டாக்டரம்மா. கீழ குடோன்ல ஒரு மூட ஏலக்கா பொறுக்காமக் கெடக்கு. ஒங்க அத்தா இப்பவே கணக்கப்பிள்ளைய விட்டு மாடிப்படிய எட்டிப் பாக்கச் சொல்லிட்டாரு.

— அத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். மதுரையிலருந்து புரொபசர் டிரங்கால் போட்டாரு. எது கரண்டுப் பெட்டி, எது சும்மாப் பெட்டின்னு இப்பத்தான் சொன்னாரு.

— சும்மாப் பெட்டியா? அது என்ன கூத்து?

— ரெண்டு பெட்டி இருக்குல்ல? ஒண்ணுல செவப்பு வாரு, ஒண்ணுல வெள்ள வாரு. ஒண்ணுலதான் கரண்டு. இன்னொண்ணுல வெளக்கு மட்டும் எரியும், உள்ள ஒண்ணும் கெடையாது. தூக்கம் வராதவங்க நெத்தியில மெல்லிசாக் கரண்டு விட்டா தூக்கம் வருதான்னு பாக்குறோம். வந்தா அது கரண்டுனாலயா, இல்ல படுக்க வச்சதுனாலயான்னு தெரியணும்ல?

— அடப் பாவிகளா! எமர்ஜென்சியில குடும்பக் கட்டுப்பாடுன்னு வேன்ல ஏத்திக்கிட்டுப் போனாங்க. இப்பத் தூக்கக் கட்டுப்பாடா? ஏமாத்துப் பெட்டிக்கு ஒரு பத்தி கொளுத்தி வைக்காததுதான் கொற.

— எனக்கே தெரியாதுக்கா. தெரிஞ்சா மூஞ்சியிலயே காட்டிருவேன்னு புரொபசர் மறச்சிட்டாரு.

— அந்தாளு வெவரமான ஆளுதான். ஒங்க மூஞ்சி அப்படி. சரி, எது ஏமாத்து?

— வெள்ள.

— அப்ப எனக்குக் கட்டுனது நெசக் கரண்டா! நெத்தியில கட்டெறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சே, அதுவா?

— அதுதான். ருசியாவுல இத வச்சு ரொம்ப நாளா வைத்தியம் பாக்குறாங்க.

— ஒங்க பேருல ஒரு ஊரா?

— என் பேரு ரசியா. பேச்ச மாத்தாதீங்கக்கா. செவப்பு கட்டுனவங்க ஒருத்தருக்கும் தூக்கம் வரல. வெள்ள கட்டுனவங்க எல்லாரும் நல்லாத் தூங்குறாங்க.

— இருங்க. கரண்டு இல்லாதவ தூங்குறா. கரண்டு விட்டவ முழிச்சிக்கிட்டுக் கெடக்குறா.

— ஆமா.

— எங்க ஊரு சிலமலப் பம்புசெட்டு தேவல. கரண்டு வந்தா ஓடும், போனா நிக்கும்.

— சிரிக்காதீங்கக்கா. திங்கக்கெழம புரொபசர் வந்து பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவாரு. அதோட என் ஆராய்ச்சி முடிஞ்சது. எப்ப முடியும், கம்பத்து மாப்ள வீட்டுக்குச் சரின்னு சொல்லிரலாம்னு அத்தா காத்துக்கிட்டு இருக்காரு.

— யாரு, பொண்ணு பாக்க வந்துட்டு ஒரு தட்டு வடையையும் தின்னுட்டுப் போனாரே, அந்த மரக்கட மாப்ளையா?

— அவரேதான். டாக்டருக்குப் படிச்சது நல்லதுதான், புள்ளைகளுக்குக் காய்ச்ச வந்தா ஒதவும்னாராம்.

— தங்கமான மனசு.

— அக்கா, ஒளிக்காமச் சொல்லுங்க. இங்க படுத்தா ஒங்களுக்கு என்னதான் ஆகுது?

— இங்கயா? சொர்க்கம். கதவச் சாத்துறீங்க. பேனு ஓடுது. கீழருந்து ஏலக்கா வாசம் வருது. அரமணி நேரம் ஒரு நாதி ராமுத்தாயின்னு கூப்புடுறதில்ல. நான் யாருங்கிறதே மறந்துபோகுது. அப்படியே சொக்குது கண்ணு.

— அப்பறம் வீட்டுல?

— அந்தச் சொக்கோடயே போயிப் படுப்பேன். அப்பத்தான் எங்க ஆளு குரங்கணியில லோடு எறக்கிட்டு ஜீப்பக் கொண்டாந்து நிப்பாட்டுவாரு. கதவ இடி. கொழம்பச் சுட வையி. முட்டைய ஊத்து. தின்னுட்டுச் சும்மா படுக்குறாரா? அதுக்கு மேல வேற சோலி. அப்பறம் கொறட்ட, மலையேறுற ஜீப்பு கணக்கா. நான் எந்தத் தூக்கத்தத் தூங்க?

— வெள்ள கட்டுன ஒச்சம்மாக்கா மட்டும் எப்படித் தூங்குறாங்க?

— அவளுக்கென்ன, தாழ்ப்பாளப் போட்டா விடியிற மட்டும் மகாராணி. நீங்க சீட்டுக் குலுக்கிப் போட்டப்ப அவளுக்கு மொதல்ல விழுந்தது செவப்புச் சீட்டு, தெரியுமா?

— என்னது?

— எனக்கு விழுந்தது வெள்ள. அத அவகிட்டக் குடுத்துட்டு அவ சீட்ட நான் வாங்கிக்கிட்டேன்.

— சீட்ட மாத்திக்கிட்டீங்களா?

— பின்ன? நெத்தியில கட்டுற வாரு தாயி. குங்குமம் வைக்கிற எடத்துல வெள்ளையக் கட்டிக்கிட்டு, புருசன் உசுரோட இருக்கிறவ படுப்பாளா? எங்க மாமியா கேள்விப்பட்டா என்னைய உரிச்சிரும். ஒச்சம்மா தாலி அறுத்தவ. அவளும் செவப்பத் தொட மாட்டேன்னுட்டா. ஆளுக்கு ஏத்தது ஆளுக்கு.

— நீங்க ரெண்டு பேரு மட்டுந்தானே?

— எல்லாருந்தான். நீங்க மேல வாருக்கு அடியில வைக்கிற பஞ்ச நனச்சிக்கிட்டு இருக்கயில படிக்கட்டுலயே மாத்தி முடிச்சிட்டோம்.

— அல்லாவே! ஏங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?

— தூக்கம் எப்படின்னுதானே கேட்டீங்க? சீட்டுல என்ன, ரேசன் சீனியா கூடக் கொறைய வருதுன்னு நெனச்சோம்.

— இருங்க, இருங்க. அப்ப வெள்ள கட்டுனவங்க அத்தன பேரும் புருசன் இல்லாதவங்க.

— செல்லக்கிளிக்கு மட்டும் இருக்கான். ஆனா மலையில வேற ஒருத்தியோட இருக்கான். அவ வெள்ளதான் வேணும்னு புடிவாதமா வாங்குனா.

— அவங்களும் தூங்குறாங்க.

— தூங்காம?

— செவப்பு கட்டுனவங்க எல்லார் வீட்டுலயும் புருசன் இருக்கு.

— குத்துக்கல்லாட்டம்.

— அக்கா, நான் பாத்தது கரண்ட இல்ல.

— அய்யோ தாயி, என்னையப் புடிங்க, சிரிச்சே செத்துருவேன்! இம்புட்டு நாளா எங்க வீட்டு ஆம்பளைகளையா மிசினு வச்சுப் பாத்தீங்க?

— இத நான் புரொபசர்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? அவரு சம்சாரம் வேற கூட வர்றாங்க.

— அந்தம்மாகிட்டச் சொல்லுங்க. வெரசாப் புரிஞ்சிக்கிரும்.

— கரண்டு தோக்கலக்கா. செயிக்கவும் இல்ல. இன்னும் ஒண்ணுமே தெரியல, அவ்வளவுதான். மொதல்லருந்து ஆரம்பிக்கணும். எல்லா வாரும் ஒரே நெறத்துல.

— பச்ச வைங்க. ஏலக்கா நெறம். எவளும் சண்டைக்கு வர மாட்டா.

— பச்சையே வைக்கிறேன். பெட்டியத் தூக்க விட மாட்டேன்க்கா. மல்லுக்கட்டியாவது இங்கயே வச்சிக்குவேன்.

— அப்ப அந்த வட தின்ன மாப்ள?

— காத்துக் கெடக்கட்டும். இல்ல, புள்ளைகளுக்குக் காய்ச்ச பாக்க வேற டாக்டரத் தேடட்டும்.

— இப்பத்தான் ஒங்க மூஞ்சியில களையே வருது. கேளுங்க, கணக்கப்பிள்ள கத்துறான்.

— போயிட்டு வாங்கக்கா.

— போறேன். கதவு சாத்தித்தானே இருக்கு?

— ஆமா, ஏன்?

— கீழ எவகிட்டயும் மூச்சு விட்றாதீங்க. போறதுக்கு முன்னாடி அந்த வெள்ள வாரக் கொண்டாங்க. எனக்கு ஒருக்காக் கட்டி விடுங்க.

— அதுல கரண்டே இல்லைன்னுதானே இவ்வளவு நேரமாச் சொல்றேன்?

— தெரியும் தாயி. குங்குமத்தத் தொடச்சிட்டேன். கட்டுங்க.