பயிற்சி தேவை: இல்லை

எனக்கு வயது நாற்பத்து நான்கு. மேற்கண்ட விலாசத்தில் கணவருடனும் மகளுடனும் வசித்து வருகிறேன். பத்தொன்பது வருடமாக ஒரே மருத்துவமனையில் செவிலியர். கடைசியாக ஆண்கள் வார்டில் இருந்தேன்.

எதில் பயிற்சி தேவை என்று எழுதச் சொல்லி வருடா வருடம் எங்களுக்கு ஒரு படிவம் தருவார்கள். போன வருடம் இளைய செவிலியர் ஒருவர் மட்டும் ஏழு தேவைகள் எழுதிக் கொடுக்க, வார்டே சிரித்தது. அவருக்கு 'டியூஷன்' என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். இந்த வருடம் மருந்து ஏற்றும் இயந்திரம் புதிதாக வந்திருந்தது. எனக்கு அது சரியாகத் தெரியாது. இருந்தும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். இப்போது விசாரணையில் எனக்குக் காட்டிய படிவம் அதுவே.

சம்பவத்தன்று காலை பத்து மணி சுமாருக்கு ஆறாம் படுக்கையில் இருந்த தையற்காரருக்குப் பொட்டாசியம் ஏற்றும்படி மருத்துவர் எழுதினார். மணிக்கு ஐந்து மில்லி. வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும். நான் மருந்தைப் பொருத்திக்கொண்டிருந்தபோது டியூஷன் வந்து, "அக்கா, இது பழைய மெஷின் மாதிரி இல்ல. நான் ஒரு தடவை பாத்துரட்டுமா?" என்றார். "நீ ஸ்கூலுக்குப் போறப்பவே நான் ஊசி போட்டவ. போய் உன் வேலையப் பாரு" என்றேன். அவர் போய்விட்டார். அதன் பிறகு தையற்காரரின் மனைவி, "புது மெஷினா சிஸ்டர்?" என்று கேட்டார். "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றேன்.

பழைய இயந்திரத்தில் ஐந்து, சைபர் என்று அழுத்தினால் ஐந்து மில்லி; புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். புதியதில் புள்ளியை நாம்தான் வைக்க வேண்டும். கைப்பழக்கத்தில் பழையபடி அழுத்தினேன். திரையில் ஐம்பது என்று இருந்திருக்கிறது. நான் அதை ஐந்து என்றே படித்தேன்.

அதன் பிறகு இருபது நிமிடம் கழித்து அந்த அம்மா என்னைத் தேடி வந்து, எத்தனை கூப்பிட்டும் கணவர் பதில் சொல்லவில்லை என்றார். டியூஷனும் நானும் மாற்றி மாற்றி மார்பை அழுத்தினோம். பதினொன்று பத்துக்கு மருத்துவர் போதும் என்றார். இரண்டு நாள் முன்பு தையற்காரர் படுக்கையில் உட்கார்ந்தபடியே என் கோட்டுப் பையின் கிழிசலைத் தைத்துக் கொடுத்திருந்தார். அன்று அந்தக் கோட்டுதான் போட்டிருந்தேன்.

அதன் பிறகு மூன்றாம் நாள் வார்டு முழுவதற்கும் அந்த இயந்திரத்தில் பயிற்சி நடந்தது. டியூஷன்தான் சொல்லிக் கொடுத்தார். என் பணியிடை நீக்க உத்தரவு அதுவரை வரவில்லை என்பதால் நானும் உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் ஆனது. எனக்கு முதல் தடவையிலேயே புரிந்தது.

மேலே உள்ளதெல்லாம் நான் சொன்னதுதான், உண்மைதான். எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். விளங்காத இரண்டு இடங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.