ஆமினாவுக்கு ஒரு துஆ

கொச்சி மட்டாஞ்சேரியில் காக்கநாடு பஸ் ஏறினேன். முன் சீட்டில் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். அக்கா மடியில் ஒரு தமிழ் நாவல்.

"ராத்தா, நேத்து தொழுதுட்டு ஆமினாவுக்காக அல்லாகிட்ட துஆ கேட்டேன்" என்றாள் தங்கை.

"எந்த ஆமினா?"

"நீங்க வாசிச்சுத் தர்ற கதையில உள்ளவ. எனக்கு மலையாள எழுத்துதானே தெரியும்? அவ பிரசவ வலியில கிடக்கிற இடத்துல நிறுத்திட்டீங்க. உறக்கமே வரல."

"அடி பைத்தியமே, அச்சடிச்சு வந்த கதை. துஆ கேட்டா மாறுமா?"

"மாறாதுதான். இல்லாத ஒருத்திக்காகக் கேட்க வச்சுட்டாரே, எழுதினவர் என்ன ஆளு!"

அக்கா புத்தகத்தை மூடினாள்.

"உங்களுக்கு முடிவு அறியுமா?" என்றாள் தங்கை.

"அறியும். முந்தாநாளே வாசிச்சு முடிச்சேன்."

"பின்னே, அவ பிழைச்சாளா?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"முடிச்ச பிறகும், அவ பிழைக்கணும்னு நானும் துஆ கேட்டேன்டீ."