கறுப்புக் கோட்டைக்கு முந்தின ஊர்

அஜின்: அந்தக் கேம் மெஷின இஞ்ச தா அக்கா. கழுத்துல தையல் காயல, அதுக்குள்ள கேமு!

சுஜா: கழுத்துல தானல தையலு? கையி நல்லாத்தான இருக்கு.

அஜின்: மெள்ளப் பேசு. டாக்டரு இப்போ என்ன சொல்லிட்டுப் போனாரு?

சுஜா: எடுத்தது சாதா கட்டியாம், கேன்சர் இல்லியாம். இன்னொரு மட்டம் சொல்லட்டா?

அஜின்: ...சொல்லு.

சுஜா: கேன்சர் இல்ல.

அஜின்: இன்னும் ஒரே ஒரு மட்டம்.

சுஜா: போலே, லூசு. தொண்ட வலிக்கி.

அஜின்: ஆபரேசன் முடிஞ்சு இந்த அஞ்சு நாளும் நான் கழக்கூட்டத்து ஆபீசுல போயி ஒரு வேலையும் செய்யல, கேட்டியா. கம்ப்யூட்டரப் பாத்துட்டே இருப்பேன். பினு சார் பின்னால வந்து, “எந்தா அஜினே, தியானமோ?”ன்னு...

சுஜா: ஒன் அத்தான் மட்டும் என்னவாம்? சாலை மார்க்கெட்டுல கடயத் தொறந்து வச்சிட்டு, ஆணி கேட்டவனுக்குப் பூட்டு எடுத்துக் குடுத்திருக்காரு. இப்போ பாரு, டிஸ்சார்ஜ் கடலாசு வாங்க ஓடுத ஓட்டத்த...

அஜின்: செரி செரி. மெஷினத் தா.

சுஜா: என்னல இப்பிடிப் பறக்க? நூத்திப் பத்து மணிக்கூறு வெளாடியிருக்க. கறுப்புக் கோட்டைக்கு முந்தின ஊருலயே கெடக்க! மீன் பிடிக்குற, சந்தைக்குப் போற, சத்திரத்துல ஒறங்குற...

அஜின்: அது... லெவலு கூட்டாண்டாமா?

சுஜா: தொண்ணூத்தொம்பதுல நிக்கி. அதுக்கு மேல அந்தக் கேமுல எண்ணமே கெடையாது.

அஜின்: பழசு மாதிரி இல்லக்கா இது. கையில வச்சு வெளாடுறதுக்குன்னு புதுசாக்கி எறக்கியிருக்கான். கஷ்டம் கூடுதலு.

சுஜா: இத வேற யார்ட்டயாவது போயிச் சொல்லு. சின்னதுல நாம டிவியில குத்தி வெளாடுன அதே கேமு, அதே கத. படம் மட்டும் தெளிவா இருக்கு. அந்த வைத்தியக்காரப் புள்ளைக்கு என்ன பேரு வச்ச?

அஜின்: என்னமோ வச்சேன்.

சுஜா: சொல்லுல.

அஜின்: எப்பவும் வைக்கிறதுதான். இங்கிலீசுல நாலெழுத்துதான அதுல கொள்ளும்... பையனுக்கு அஜின், புள்ளைக்கு சுஜா. வாங்கின அன்னிக்கி கை தானா அடிச்சிட்டு. அப்போ ஒனக்குக் கட்டி இருக்குன்னே தெரியாதுக்கா. சத்தியமா.

சுஜா: நான் ஒண்ணும் சொல்லலியே.

அஜின்: பாதி தூரம் போனப்போ நீ போன் பண்ணி, ஸ்கேன்ல கட்டி தெரியுதுன்ன. எனக்கு அடுத்து கறுப்புக் கோட்டை. அங்க அந்தப் புள்ள... ஒனக்குத் தெரியும்லா.

சுஜா: செத்துப்போவா. அன்னிக்கி அதப் பாத்துட்டு நீ ரெண்டு நாளு சோறு உண்ணல.

அஜின்: நீயும்தான். இதுல பேர மாத்தவும் முடியாது, வச்சா வச்சதுதான். நான் எப்பிடி உள்ள போவேன்? ஆபீசுல பயலுவ கேட்டா சிரிப்பானுவ. எஞ்சினியராம், கேமப் பாத்து பயந்துட்டு மீன் பிடிச்சிட்டு இருக்கானாம்.

சுஜா: அதுக்குத்தான், ஆஸ்பத்திரியில சேந்த அன்னிக்கி வெளாடத் தாலன்னு நான் கேட்டப்போ, “சார்ஜரு ஹாஸ்டல்ல இருக்கு”ன்னியா?

அஜின்: ம்... அதுக்குப் பொறவு நானும் அதத் தொடல.

சுஜா: சார்ஜரு ஒன் பேகுல சைடு ஜிப்புல கெடந்து.

அஜின்: பேக நோண்டினியா! எப்போ?

சுஜா: இருல. ஒரு விசயம் சொல்லட்டா? புதுசுல அத மாத்திட்டான். அந்தப் புள்ள சாவல.

அஜின்: ...எது?

சுஜா: நான் கோட்டைக்குள்ள போனேன். அவ நடந்து வெளிய வந்துட்டா.

அஜின்: நெசமா? எனக்க கேமுலயா போன? இரு... சாவலியா? அக்கா! மாத்திட்டானா! அவன் நல்லா இருப்பான், அவன் புள்ளகுட்டி நல்லா இருக்கும்...

சிஸ்டர்: அய்யோ, இவிடெ எந்தா பகளம்? பேஷண்ட் அதிகம் சம்சாரிக்கண்டா, கேட்டோ.

அஜின்: சாரி சிஸ்டர். சந்தோசத்துல சத்தம் கூடிட்டு சிஸ்டர், அக்காவ இனி பேச விடல.

சிஸ்டர்: சந்தோஷிச்சோளு. பக்ஷே மெல்லெ!

சுஜா: லேய், அழுதியா?

அஜின்: சிரிக்காதக்கா. ரெண்டு மாசமாட்டு நெஞ்சுல கல்லு மாதிரி கெடந்து. யார்ட்டயும் சொல்லவும் முடியல... அப்பாடா! செரி, அந்த எடத்தக் காட்டு.

சுஜா: வேண்டாம்.

அஜின்: என்னத்துக்கு வேண்டாம்?

சுஜா: இப்போ ஒனக்கு சமாதானமா இருக்குல்லா?

அஜின்: இருக்கு.

சுஜா: எனக்கு ஒண்ணும் இல்லன்னு நம்புதியா?

அஜின்: ரிப்போர்ட்ட நான்தானக்கா நாலு மட்டம் வாசிச்சேன். நம்புதேன்.

சுஜா: அப்போ பிடி. பாரு.

அஜின்: ...மூணு ஆளுதான் நிக்கி. அஜின் இருக்கான், மத்த ரெண்டு பேரும் இருக்கானுவ... புள்ள எங்க? அக்கா, இதுல சுஜா இல்லியே. பொய்யா சொன்ன? நீ எப்போ வெளாடின இத?

சுஜா: ஆபரேசன் அன்னிக்கி காலத்த. நீ டீ குடிக்கப் போயிருந்த. அவன் ஒண்ணும் மாத்தல மக்கா, அவ செத்துதான் போனா... மெஷினத் திரும்ப ஒன் பேகுல வச்சேன். நீ வந்து “பயமா இருக்காக்கா?”ன்னு கேட்ட, இல்லன்னேன். நான் திரும்பி வராமப் போனா, நீ என்னிக்காவது ஒருநாளு தனியா அந்தக் கோட்டைக்குள்ள போயி அதப் பாக்கணும்லா. அதான் நானே போயி முடிச்சிட்டு, அதுக்குப் பொறவு ஆபரேசன் தியேட்டருக்குப் போனேன்.