பிள்ளையாருக்கு ஒரு உடுப்பறை

கென்னடி வீதி பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவரிடம் திடீரென்று தமிழில் சொன்னாள்: “சாமி இருக்கிற அறைக்குள்ளை உங்கட சப்பாத்து வராது.”

இறங்குமிடம் தவறிவிடுமோ என்ற பயத்திலும் என் காது அங்கே போய்விட்டது. புருஷனும் பெண்சாதியும் புது அப்பார்ட்மென்ற் சாவி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். படுக்கையறையோடு ஆள் நுழையக்கூடிய உடுப்பறை ஒன்றும் கிடைத்திருக்கிறதாம்.

“இஞ்சேரும், அது உடுப்புக்குக் கட்டினது. ஒரு பக்கம் கோட்டு, மற்றப் பக்கம் உம்மட சீலைக்குத் தட்டு. நானே பலகை வாங்கி அடிப்பன்.”

“சீலை சூட்கேசுக்கை கிடக்கட்டும். மேற்குச் சுவரிலை தட்டை அடியுங்கோ, பிள்ளையார் கிழக்கைப் பாத்து இருப்பார். கதவோடை தனிச் சாமியறை, நினைச்சுப் பாருங்கோ!”

“விளக்குக் கொளுத்தினால் புகை அலாரம் அடிக்கும்.”

“சின்ன விளக்குத்தானே!”

எனக்குக் கம்பளத்தில் நெருப்புப் பிடிப்பதே கண்ணுக்குள் நின்றது.

அவர் பனிப்புகார் படிந்த பஸ் யன்னல் கண்ணாடியில் விரலால் வீட்டின் படத்தைக் கீறினார். “இது சாமியறை. மேற்குச் சுவருக்கு அங்காலை...” விரல் நின்றது. “கக்கூசு.”

“ஐயோ! பிள்ளையாருக்குப் பின்னாலையோ?”

“அப்ப தட்டெல்லாம் உடுப்புக்குத்தான்!” அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

“அப்ப பிள்ளையார் ஹோலுக்கு வரட்டும். அங்கையும் கிழக்கைப் பாத்த மூலை இருக்குத்தானே.”

“அதிலையெல்லோ ரீவி!”

“ரீவிக்குப் பின்னாலை கக்கூசு இருந்தால் ஆருக்கென்ன? அதை உடுப்பறைக்குள்ளை வைச்சு, நீங்கள் உள்ளுக்கை இருந்து ஹொக்கி பாருங்கோ.”

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு உடுப்பறைக்குள் ஒரு சின்னச் சதுரம் கீறி, அதற்கு முன்னால் தான் இருக்க ஒரு கதிரையும் கீறினார்.