கைதட்டல் நின்றுபோன கூட்டம்

தலைமை ஏற்றிருக்கும் யாக்கோப்பு ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, ஷிப்டை மாற்றிக்கொண்டு இந்த மனோர் பார்க் மண்டபத்துக்கு வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம்.

பிரித்தானியாவுக்கு வந்து சேர்ந்த எங்கள் வீட்டில் முதலில் பட்டம் பெற்றவள் நான். "படிச்ச பிள்ளைதானே, தெளிவாய்ப் பேசு" என்று அனுப்பிவிட்டார்கள். மன்னியுங்கள், என்னிடம் தெளிவு இல்லை. துயரம் இருக்கிறது. அதைவிடக் குழப்பம் அதிகமாக இருக்கிறது.

நம் வரலாற்று வட்டத்தின் அமைப்பாளர் தயாளினி அக்கா மறைந்துவிட்டார்! கிழமை நாட்களில் பஸ் ஓட்டினார். ஞாயிறுகளில் சீன வரலாறு பேசினார். "சீனாவுக்கும் எங்களுக்கும் என்ன?" என்று கேட்காதவர் இங்கே யார்? அதற்கு அவர் சொன்ன பதிலில்தான் நம் வட்டம் இரண்டானது.

சென்ற மாதம் இதே மண்டபத்தில், பிரித்தானியா சீனா மீது தொடுத்த அபின் போரைப் பற்றிப் பேசினார். 1841ஆம் ஆண்டு. கன்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லி என்ற ஊர். பிரித்தானியப் படையினர் வீடுகளைக் கொள்ளையடித்தார்கள், கல்லறைகளை உடைத்தார்கள். மண்வெட்டியோடும் ஈட்டியோடும் ஆயிரக்கணக்கான ஊர்மக்கள் திரண்டார்கள். பெருமழை! துப்பாக்கிகள் நனைந்து வெடிக்கவில்லை. ஒரு சிறு படைப்பிரிவு தனியே அகப்பட்டுக்கொண்டது. நாம் கைதட்டினோம். எப்படித் தட்டினோம்!

பிறகு அக்கா சொன்னார்: "அகப்பட்டவை வெள்ளைக்காரர் இல்லை. வெள்ளைக்காரன் கூட்டிக்கொண்டு போன மதராஸ் படை. தமிழ் கதைச்ச ஆக்களும் அதுக்குள்ள நிண்டிருப்பினம்."

கைதட்டல் நின்றது.

"தப்பிச்சாங்களாம்மா?" என்றார் மதராஸ்காரரான வைத்தியநாதன் டொக்டர்.

சுஜீத் அண்ணை எழுந்தார். "இவ்வளவு நேரமும் ஊர்ச்சனத்துக்குக் கைதட்டிப்போட்டு, இப்ப ஆமிக்காரனுக்கோ அழுறியள்?"

"பாவம், சம்பளத்துக்குப் போனவங்கப்பா."

"அமைதிப்படையெண்டு எங்கட வீட்டுக்குள்ள வந்த ஆமியும் சம்பளத்துக்குத்தான் வந்தது, டொக்டர். உங்கட நாட்டிலயிருந்து!"

இனி வரமாட்டோம் என்று இருவரும் வெளியேறினார்கள். ஆளுக்குக் கொஞ்சப் பேர் பின்னால் போனார்கள்.

நாற்காலிகளை அடுக்கும்போது கேட்டேன்: "அக்கா, நீங்கள் ஆரின்ர பக்கம்?"

"எனக்கே விளங்கேல்லையடி. விளங்கியிருந்தா என்னத்துக்குக் கூட்டம்? ரெண்டு பேருக்கும் போன் எடுத்து வரச் சொல்லவேணும்."

அவர் அழைக்கவேயில்லை. அந்த வாரமே அவருடைய இதயம் நின்றுவிட்டது.

வட்டத்தைக் கலைத்துவிடலாம் என்கிறார்கள் சிலர். சீனாவை விட்டுவிட்டு வேறு ஏதாவது பேசலாம் என்கிறார்கள் சிலர். நான் என்ன சொல்வேன்? அஞ்சலிக்காவது வந்திருக்கிறீர்கள், டொக்டர்; உங்கள் கேள்விக்கு விடை தேடிப் பார்த்தேன். பெரும்பாலோர் தப்பினார்கள். படித்தபோது மகிழ்ந்தேன். மகிழ்ந்ததை நினைத்து வெட்கப்பட்டேன், சுஜீத் அண்ணை. அந்த ஊர்மக்கள் நம்மைப் போன்றவர்கள். அந்தச் சிப்பாய்களும் நம்மைப் போன்றவர்கள். இரண்டும் எப்படி ஒரே நெஞ்சில் இருக்கும்? எனக்குத் தெரியவில்லை.

தயாளினி அக்கா! அடுத்த ஞாயிறு இந்த மண்டபத்தைத் திறப்பேன். அந்நியரை எதிர்த்துச் சீன மக்கள் எழுந்த பொக்சர் கிளர்ச்சியைப் பற்றிப் பேசுவோம். அதை அடக்கப் போன எட்டு நாட்டுப் படையிலும் மதராஸ் சிப்பாய்கள் இருந்தார்கள். ஆகவே சண்டை நிச்சயம் வரும்.

டொக்டர், சுஜீத் அண்ணை, அக்கா விடுக்காமல் போன அழைப்பை எல்லார் முன்னாலும் நான் விடுக்கிறேன். வாருங்கள். கத்துங்கள், மேசையில் அடியுங்கள். எழுந்து மட்டும் போய்விடாதீர்கள்.